செம்பனை நிரைகளுக்கு நடுவே வண்ணப் புகை: கொளுத்துவதற்கு முன்பே முடிய வேண்டிய வேலை

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்திலுள்ள பத்தாங் பெர்ஜுந்தையிலிருந்து (இன்றைய பெஸ்தாரி ஜெயா) ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய அக்காவுக்கு நிச்சயமாகிவிட்டது. திருமணத்திற்கு முந்தைய படங்களைச் செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்துக்குள் இளஞ்சிவப்பு, ஊதாப் புகை பரவ எடுக்க வேண்டும் என்பது மணமக்களின் ஆசை. எந்த நிறப் புகை வாங்குவது, கேமராவில் என்ன அளவுகள் வைப்பது, பாட்டி பிறந்து வளர்ந்த பழைய லயத்து வீட்டின் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு) முன்னும் புகை விட்டு எடுக்கலாமா என்பவை அவருடைய கேள்விகள்.

தம்பி, நிறத்தையும் கேமராவையும் கேட்டிருக்கிறீர்கள். தரையைப் பற்றிக் கேட்கவில்லை. இந்த வேலையில் தரைதான் முதலில் வரும். அடுத்தது காற்று, அதற்கடுத்து வெளிச்சம். கையில் பிடித்து எரிக்கும் புகைக்குழல் பெரும்பாலும் ஒரு நிமிடத்திலிருந்து ஒன்றரை நிமிடத்துக்குள் அணைந்துவிடும். அந்த நேரத்துக்குள் எதையும் யோசித்து முடிவெடுக்க முடியாது. யார் எங்கே நிற்பது, புகை எந்தப் பக்கம் போகும், நீங்கள் எங்கிருந்து எடுப்பது எல்லாம் முடிவான பிறகு கொளுத்தினால் படம் கிடைக்கும். கொளுத்திய பிறகு முடிவெடுக்கத் தொடங்கினால் புகை மட்டும்தான் கிடைக்கும்.

அந்தக் குழலுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். ஆக்சிஜனைத் தரும் ஓர் உப்பு, சர்க்கரை போன்ற ஓர் எரிபொருள், கரிமச் சாயம், வெப்பத்தைக் குறைக்கும் ஒரு பொருள் ஆகியவை கலந்திருக்கும். கலவை மெதுவாக எரியும்போது சாயம் எரிந்துபோகாமல் ஆவியாகி வெளியே வருகிறது; வெளிக்காற்று பட்டதும் குளிர்ந்து மிக நுண்ணிய துகள்களாகிறது. நாம் வண்ணப் புகை என்று பார்ப்பது காற்றில் மிதக்கும் அந்தச் சாயத் துகள்களைத்தான். இதிலிருந்து மூன்று விஷயங்கள் விளங்கும். உள்ளே நெருப்பு இருக்கிறது. 'குளிர் புகை' என்று அட்டையில் எழுதியிருந்தாலும் குழலின் வாய் கையைச் சுடும், காய்ந்த புல்லைப் பற்றவைக்கும். வெளியே வருவது சாயம். துணியிலும் தோலிலும் லென்ஸிலும் படியும். அது உணவில் சேர்க்கும் சாயமும் அன்று, நுரையீரலுக்குள் போக வேண்டிய பொருளும் அன்று. வீட்டிலேயே கலந்து செய்வதற்கு வலைத்தளங்களில் பலர் சொல்லித்தருகிறார்கள். அந்தப் பக்கம் போகவே வேண்டாம். அத்தகைய கலவைகள் உராய்வுக்கே பற்றிக்கொள்ளும், சட்டமும் அதை ஒப்புக்கொள்வதில்லை.

இப்போது உங்கள் ஊர்த் தரைக்கு வருவோம். ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் 1917இல் இந்த நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தைத் தொடங்கியது உங்கள் ஊரை ஒட்டிய தென்னமாரத்தில்தான். நூறு ஆண்டுகளுக்கு மேலாகச் செம்பனை நின்ற மண். ஏறக்குறைய இருபத்தைந்து ஆண்டுக்கு ஒருமுறை வெட்டி மறுநடவு செய்வதால், ஒரே தோட்டத்தில் இடுப்பளவுக் கன்றும் இருக்கும், அண்ணாந்து பார்க்கும் மரமும் இருக்கும். உங்களுக்குத் தேவை உயர்ந்த மரங்கள். அவற்றின் ஓலைகள் மேலே கூடிக் கூரைபோல் நிற்க, கீழே நீண்ட நடைபாதை கிடைக்கும். இளம் மரங்களில் ஓலை தரையைத் தொடும். படத்துக்கும் பயனில்லை, நெருப்புக்கும் வசதி.

உயர்ந்த மரங்களுக்கு நடுவிலும் ஒரு தொல்லை உண்டு. குலை வெட்டும்போது கழிக்கும் ஓலைகளை ஒரு நிரை விட்டு ஒரு நிரையில் அடுக்கிவைப்பார்கள். மேலே ஈரம்போலத் தெரிந்தாலும் உள்ளே காய்ந்திருக்கும். புகைக்குழலை அந்த ஓலை அடுக்கின் பக்கம் கொண்டுபோகாதீர்கள். குலை ஏற்ற வண்டி போகும் செம்மண் சாலையில்தான் புகை விட வேண்டும், அதுவும் நடுச்சாலையில்.

ஓலையைவிட எனக்கு அதிக அச்சம் தருவது கரிமண், அதாவது செடிகொடிகள் முழுதும் மக்காமல் சேர்ந்து உண்டான மண். உங்கள் ஊருக்கு அருகிலுள்ள ராஜா மூசா வனக் காப்பகம் கரிமண் சதுப்புக்காடு. பல முறை தீப்பிடித்த இடம். நீர் வடிந்துபோன கரிமண் விறகுக்குச் சமம். மேலே அணைத்துவிட்டோம் என்று நினைப்போம்; நெருப்பு மண்ணுக்குள்ளேயே ஊர்ந்து போய் வேறோர் இடத்தில் தலைகாட்டும். ஒரு வாளித் தண்ணீரால் அதை அணைக்க முடியாது, நிலத்தையே நீரில் மூழ்கவைக்க வேண்டும். கறுப்பாக, மிதித்தால் அமுங்கும் மண்ணைக் கண்டால் புகைக்குழலைப் பையை விட்டே எடுக்காதீர்கள். ரப்பர்க் காட்டைத் தேர்ந்தெடுத்தாலும் இதே எச்சரிக்கைதான். பிப்ரவரி, மார்ச் வாக்கில் மரங்கள் இலை உதிர்த்து நிற்கும்போது படத்துக்கு அழகாக இருக்கும், ஆனால் தரை முழுவதும் சருகு.

மிகைப்படுத்துகிறேன் என்று தோன்றினால், 2020 செப்டம்பரில் கலிபோர்னியாவில் நடந்ததைப் பாருங்கள். பிறக்கப்போகும் குழந்தை ஆணா பெண்ணா என்று அறிவிக்கும் கொண்டாட்டத்துக்காக ஒரு தம்பதியர் காய்ந்த புல்வெளியில் புகைக்கருவி ஒன்றைக் கொளுத்தினார்கள். அதில் பற்றிய எல் டொராடோ காட்டுத்தீ 22,000 ஏக்கருக்கு மேல் அழித்தது. அணைக்கப் போன தீயணைப்பு வீரர் ஒருவர் இறந்தார். நம் ஊர் ஈரப்பதம் அங்கே இல்லை என்பது உண்மை. வறண்ட வாரங்களில் நம் ஊரிலும் அது இருப்பதில்லை.

என்னைக் கேட்டால், உங்கள் வட்டாரத்தில் புகைக்கு மிகப் பொருத்தமான இடம் செம்பனைக்காடே அன்று. பழைய ஈய லம்பங்களின், அதாவது ஈயச் சுரங்கங்களின், மணல்வெளிதான். ஈயம் எடுத்தபின் ஒதுக்கிய அந்த வெள்ளை மணலில் புல்கூட ஒழுங்காக முளைக்காத பகுதிகள் இருக்கின்றன. பற்றிக்கொள்ள அங்கே ஒன்றுமில்லை. பின்னால் குட்டையின் இருண்ட நீர், அதற்கும் பின்னால் மரவரிசை. இளஞ்சிவப்புப் புகை அந்த நீரின் மேல் நகர்ந்தால் பிம்பமும் கிடைக்கும். ஆபத்து அங்கே நெருப்பிலிருந்து தண்ணீருக்கு மாறுகிறது, அவ்வளவுதான்: குட்டையின் கரை உறுதியானது அன்று, விளிம்பைத் தாண்டினால் உடனே ஆழம். மணமக்களை விளிம்பிலிருந்து தள்ளி நிறுத்துங்கள். நீங்கள் தாழ்ந்து அமர்ந்து எடுத்தால், அவர்கள் நீரருகே நிற்பதுபோலவே தெரியும்.

அனுமதி பற்றிச் சுருக்கமாக. தோட்டம் தனியார் நிலம். நிர்வாக அலுவலகத்தில் நாள், நேரம், புகை விடப்போவது மூன்றையும் எழுதிக் கொடுத்துக் கடிதம் வாங்குங்கள். தோட்ட எழுத்தரான கிராணியைத் தெரியும், காவலாளி நம் ஆள் என்ற பேச்செல்லாம் புகை எழும்பும் வரைதான் செல்லும். வாணவேடிக்கைப் பொருள்களை அனுமதியின்றிச் செய்வதும் வைத்திருப்பதும் 1957ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டத்தின்கீழ் குற்றம். ஆகவே இணையக் கடையில் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கிக் குவிப்பதற்கு முன், நீங்கள் வாங்க நினைக்கும் பொருளின் படத்தோடு காவல் நிலையத்துக்குப் போய் எழுத்துமூலம் கேளுங்கள். பெயரும் எரியும் நேரமும் பயன்பாட்டு முறையும் அச்சிடப்படாத குழலை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். 2015 செப்டம்பர் 8ஆம் தேதி ஷா ஆலம் அரங்கில் மலேசியா–சவூதி அரேபியா ஆட்டம் ரசிகர்கள் வீசிய தீப்பந்தங்களாலும் புகைக்குண்டுகளாலும் முடிவதற்கு முன்பே நின்றுபோனது பலருக்கும் நினைவிருக்கும். இந்தப் பொருளைக் கண்டால் அதிகாரிகள் முகம் சுளிப்பதில் வியப்பில்லை. பக்கத்துத் தீயணைப்பு நிலையத்துக்கும் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். தோட்டத்துக்குள்ளிருந்து புகை வருகிறது என்று யாராவது அவசர எண்ணான 999க்கு அழைத்து, வண்டி வந்து நின்றபின் விளக்குவதைவிட அது எளிது.

எப்போது எடுப்பது? முதல் நாள் மாலை நல்ல மழை பெய்து, மறுநாள் விடிந்ததும். ஏப்ரல், அக்டோபர் போன்ற பருவமாற்ற மாதங்களில் பிற்பகல் இடிமழை வழக்கம் என்பதால் இப்படிப்பட்ட காலைகள் நிறையக் கிடைக்கும். விடியற்காலையில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனமாக இருக்கும். புகை மேலே ஓடாமல் நிரைகளுக்கு நடுவே இடுப்பு உயரத்தில் தங்கும். வெயில் ஏறித் தரை சூடானதும் அதே புகை கிளம்பிப் போய்விடும், பிற்பகலில் கடற்காற்று வந்தால் கிழித்தெறியும். நம் ஊரில் சூரியன் ஏழரை மணிக்குள் உதித்துவிடும், நேராகவும் வேகமாகவும் ஏறும். மிதமான சாய்வெளிச்சம் உங்களுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம்தான். ஆகவே அலங்காரக்காரரை நான்கு மணிக்கே வரச்சொல்லுங்கள். இந்தப் படப்பிடிப்புகள் கெட்டுப்போவது பெரும்பாலும் புகையால் அன்று, முந்தானை மடிப்பு முடியாததால்தான்.

ஜூனிலிருந்து செப்டம்பர் வரை புகைமூட்டக் காலம். காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100ஐத் தாண்டிய நாளில் படப்பிடிப்பைத் தள்ளிப்போடுங்கள். 2005 ஆகஸ்டில் அந்தக் குறியீடு 500ஐத் தாண்டி அவசரநிலை அறிவிக்கப்பட்டது உங்கள் கோலசிலாங்கூர் மாவட்டத்தில்தான். மூச்சுவிடவே திணறும் ஊரில் நாமும் புகை விட்டுப் படம் எடுத்தால் அந்தப் படத்தை யாரும் ரசிக்க மாட்டார்கள். மூட்டத்தில் வானமும் வெளிறிக் கிடக்கும் என்பதால் நிறமும் எடுபடாது.

காற்றுக்கு ஒரு மலிவான சோதனை: ஊதுபத்தி. மணமக்கள் நிற்கப்போகும் இடத்தில் ஒன்றைப் பிடித்து, அதன் இழை எந்தப் பக்கம் சாய்கிறது என்று சில நிமிடங்கள் பாருங்கள். இழை நேராக எழுந்தால் புகை மணமக்களைச் சுற்றியே கூடும். அது மூச்சுக்கு ஆகாது. மெல்லிய பக்கக்காற்றுதான் வேண்டும். புகைக்குழல் அவர்களுக்குப் பின்னால் மூன்று மீட்டராவது தள்ளி, காற்று வரும் பக்கமாக இருக்க வேண்டும். அப்போது புகை முகத்தில் மோதாமல் பின்புறமாகத் திரைபோல் கடந்து போகும். நீங்கள் காற்று போகும் திசையில் நிற்கக் கூடாது. 85 மில்லிமீட்டர் அல்லது அதற்கும் நீண்ட லென்ஸ் இருந்தால் தள்ளி நின்று எடுக்கலாம், பின்னணிப் புகையும் செறிவாகத் தெரியும்.

மணப்பெண் கையில் குழலைப் பிடித்துச் சுழற்றுவதுபோல் படங்கள் உலவுகின்றன. என் கருத்தில் அது வேண்டாத வேலை. பட்டு கரையோடும் கறையோடும் போய்விடும். பாலியெஸ்டர், ஜார்ஜெட் சேலையோ ஒரு பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டும். கொளுத்துவதை முழுக்கைப் பருத்திச் சட்டை, தோல் கையுறை, கண்ணாடி அணிந்த உதவியாளர் செய்யட்டும். குழலின் அடிப்பாகத்தைப் பிடித்து, கையை நீட்டி, வாயை எல்லோரிடமிருந்தும் விலக்கிப் பிடிக்க வேண்டும். அதைவிட நல்லது, மணல் நிரப்பிய இரும்பு வாளியில் செங்குத்தாகச் செருகி வைத்துவிடுவது. கொளுத்தியது எரியவில்லை என்றால் குனிந்து பார்க்காதீர்கள். நன்றாகக் காத்திருந்து, பிறகு தண்ணீரில் போடுங்கள். எரிந்து முடிந்த குழலையும் தண்ணீர் வாளியில் முழுக ஊறவைத்த பிறகே பைக்குள் போட வேண்டும். இரண்டு வாளித் தண்ணீரும் நனைத்த கோணிச்சாக்குகளும் அருகிலேயே இருக்கட்டும். நெருப்பைப் பார்ப்பது மட்டுமே வேலை என்று ஒருவரை நிறுத்துங்கள். கைப்பேசியில் காணொளி எடுத்துக்கொண்டே பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லும் சித்தப்பா அதற்கு உதவ மாட்டார்.

ஆஸ்துமா உள்ளவர்கள், கருவுற்றவர்கள், குழந்தைகள் அந்த இடத்துக்கு வரவே வேண்டாம். தோட்டத்தில் மாடு மேய்ந்துகொண்டிருந்தால் அது கடந்து போகும்வரை பொறுங்கள். கம்பத்தின்மேல் பெட்டி வைத்திருப்பதைக் கண்டால் அது எலி பிடிக்க வளர்க்கும் ஆந்தைகளின் கூடு; அதன் கீழே புகை விடாதீர்கள். கையில் சூடு பட்டால் பற்பசையும் மஞ்சளும் வேண்டாம், ஓடும் தண்ணீரில் இருபது நிமிடம் பிடிக்க வேண்டும். குழல்களைக் காரின் பின்பெட்டியில் வெயிலில் விட்டுவைப்பதும் கூடாது.

இனி நிறம். செம்பனைப் பசுமைக்கு நடுவே பச்சைப் புகை காணாமல் போகும். செம்மண் சாலையில் ஆரஞ்சு கரைந்துவிடும். மேலும் ஆரஞ்சுப் புகை கடலில் பன்னாட்டு ஆபத்துச் சைகை, ஆகவே கோலசிலாங்கூர்க் கரைப்பக்கம் போனால் அதைத் தொடாதீர்கள். சிவப்பு தொலைவிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தீ. மஞ்சள் வெயிலில் ஜொலிக்கும், ஆனால் முகத்தில் அதன் சாயல் விழுந்தால் மணப்பெண் காமாலைக்காரிபோல் தெரிவாள். நீங்கள் நினைத்த இளஞ்சிவப்பு சரியான தேர்வு. பசுமைக்கு எதிரே பளிச்சென்று நிற்கும், மாநிறத் தோலுக்கும் இதமான சாயல் தரும். ஊதாவில் ஒரு சிக்கல்: நிழலில் அது கறுத்துப் போகும். வெயில் விழும் இடத்தில் மட்டும் பயன்படுத்துங்கள். செம்மண் சாலைக்கு நீலம் மிக நன்றாக எடுக்கும். இரண்டு நிறங்களை ஒரே நேரத்தில் விட்டால் நடுவில் கலந்து அழுக்குச் சாம்பலாகும். ஒரு படத்துக்கு ஒரு நிறம் போதும்.

வெளிச்சம் எங்கிருந்து வர வேண்டும் என்பதில்தான் இந்தக் கலையின் சுவை இருக்கிறது. புகைத்துகள்கள் தம்மீது விழும் ஒளியைப் பெரும்பாலும் முன்னோக்கியே சிதறடிக்கின்றன. ஆகவே சூரியன் புகைக்குப் பின்னால் இருந்து நீங்கள் எதிரே நின்றால், அதே புகை பல மடங்கு ஒளிரும். ஓலைகளின் இடைவெளியில் இறங்கும் கதிர்கள் கோடு கோடாகக் கண்ணுக்குத் தெரிவதும் இதனால்தான். ஆனால் புகை மெல்லியதாக இருக்க வேண்டும். அடர்த்தியான புகையைப் பின்னொளியில் எடுத்தால் நடுப்பகுதி இருண்டு ஓரம் மட்டும் ஒளிரும். அதனால் கொளுத்திய முதல் சில நொடிகளின் அடர்த்திக்குப் பக்கவாட்டு ஒளி, கடைசியில் புகை பரவி மெலியும் நேரத்துக்குப் பின்னொளி. பெரும்பாலானோர் குழல் அணைந்ததும் கேமராவைத் தாழ்த்திவிடுகிறார்கள். நல்ல படம் அதற்குப் பின்வரும் அரை நிமிடத்தில்தான் இருக்கும். முகத்துக்கு வெள்ளைப் பலகையோ தெர்மோகோல் தட்டோ வைத்து முன்னாலிருந்து சிறிது ஒளி திருப்புங்கள். முன்னாலிருந்து ஃபிளாஷ் அடித்தால் புகை தட்டையாகிச் சுவர்போல் நிற்கும்.

கேமராவைத் தானியங்கியில் விடாதீர்கள். படச்சட்டம் முழுக்க இளஞ்சிவப்பு நிரம்பியதும் தானியங்கி வெண்சமநிலை (வைட் பேலன்ஸ்) அதைப் பிழை என்று எண்ணிப் பச்சையைச் சேர்த்துத் திருத்தப் பார்க்கும். வெண்சமநிலையை 'வெயில்' அமைப்பில், அதாவது 5,200 கெல்வின் அளவில் நிறுத்துங்கள். லென்ஸ் துளை எஃப் 4, வேகம் 1/250 நொடி என்று தொடங்கலாம். புகையின் சுருள்கள் கூர்மையாக வேண்டுமென்றால் 1/500, ஓடும் தன்மை வேண்டுமென்றால் முக்காலி வைத்து 1/30. ஃபோகஸ் புகைமீது போய் அலையும் என்பதால், கொளுத்துவதற்கு முன்பே மணப்பெண்ணின் கண்ணில் வைத்துப் பூட்டிவிடுங்கள். ஒளியளவை அரை ஸ்டாப் குறைத்து, கேமரா திருத்தாத ரா கோப்பாக எடுங்கள். இளஞ்சிவப்பில் சிவப்பு அலைவரிசைதான் முதலில் வெடித்துப்போகும், அதாவது விவரம் இழந்துபோகும்; ஆனால் கேமராவின் மொத்த ஒளியளவு வரைபடம் (ஹிஸ்டோகிராம்) சரியாக இருப்பதுபோலவே காட்டும். மூன்று நிறங்களின் வரைபடத்தையும் தனித்தனியாகப் பாருங்கள். லென்ஸ் முன்னால் ஒரு யுவி கண்ணாடி போட்டுக்கொண்டால் சாயம் அதில் படியும்.

செலவும் அனுமதியும் மலைப்பாக இருந்தால் வேறு வழி இருக்கிறது, எனக்கு அதுதான் பிடித்ததும். புகைக்கு நிறம் வேண்டியதில்லை. வெளிச்சத்துக்கு நிறம் கொடுத்தால் போதும். மேடை நிகழ்ச்சிகளில் பயன்படும் பனிப்புகை இயந்திரம் தண்ணீரும் கிளைக்காலும் கலந்த திரவத்தைச் சூடாக்கி வெண்மூட்டம் தரும். அதில் சுவாலை இல்லை, சாயம் இல்லை. வாடகைக்கு எடுத்து, மின்கலத்திலோ சிறு ஜெனரேட்டரிலோ ஓட்டலாம். அந்தி இருண்ட பிறகு, மணமக்களுக்குப் பின்னால் தரையில் ஒரு ஃபிளாஷை வைத்து, அதன்மேல் இளஞ்சிவப்பு ஜெல் தாள் (ஒளி ஊடுருவும் நிறத்தாள்) ஒட்டி, மூட்டத்தின் வழியாக உங்களை நோக்கி அடிக்கவிடுங்கள். தாளை மாற்றினால் நிறம் மாறும். ஒன்றரை நிமிடக் கணக்கு இல்லை, வேண்டுமளவு திரும்ப எடுக்கலாம். நெருங்கிய முகப்படத்துக்கென்றால் தூபக்காலில் சாம்பிராணி போதும். கங்கு இருப்பதால் அதற்கும் மணல் தட்டு வேண்டும்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். புகைக்கு மாற்றாக வண்ண மாவைக் காற்றில் தூவி, அருகில் விளக்கோ தீப்பொறியோ வைக்கும் யோசனை. 2015 ஜூன் 27 அன்று தைவானில் ஒரு நீர்ப்பூங்கா விழாவில் மேடையிலிருந்து வீசிய வண்ண மாவுத்தூள் பற்றிக்கொண்டதில் 15 பேர் இறந்தார்கள், ஏறத்தாழ 500 பேர் காயமடைந்தார்கள். காற்றில் மிதக்கும் மாவு எரிபொருள்தான்.

பிறகு கணினியில் வேலை அதிகம் இராது. மூட்டம் நீக்கும் கருவியைப் படம் முழுக்க இழுக்காதீர்கள், புகையின் மென்மை போய்விடும். முகத்தில் மட்டும் சிறிது பயன்படுத்துங்கள். நிறச்செறிவைக் கூட்டவே வேண்டாம்.

கடைசியாகப் பாட்டியின் லயத்து வீடு. அங்கே புகைக்குழல் கூடாது. காய்ந்த பலகைச் சுவர், கூரையில் சிலந்திக்கூடும் சருகும், ஒன்றோடொன்று ஒட்டிய வரிசை. பல வீடுகளில் இன்னும் ஆள் இருக்கலாம். பனிப்புகை இயந்திரம் கொண்டுபோக முடிந்தால், ஆளில்லாத வீட்டில் கதவைத் திறந்துவைத்து, உள்ளே ஜெல் ஒட்டிய ஃபிளாஷை நிறுத்தி, மூட்டமும் நிற ஒளியும் வாசல் வழியாக வழியும்படி எடுக்கலாம். மணமக்கள் வெளிப்படியில் அமரட்டும். தரைப்பலகை இற்றுப்போயிருக்கும், ஆகவே உள்ளே இயந்திரத்தை வைக்கப் போகிறவர் சுவரை ஒட்டி நடக்க வேண்டும். வீடு தோட்ட நிர்வாகத்துக்குச் சொந்தம் என்பதால், முன்பே சொன்ன அனுமதிக் கடிதத்தில் அதன் எண்ணையும் சேர்த்து எழுதி வாங்கிவிடுங்கள்.